எவர்சில்வரில் பொக்கு

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கும் படைப்பு மொத்தமே இரண்டு பக்கம். கதை இல்லை, கவிதை இல்லை. 1967 நவம்பரில் லண்டன் 'நேச்சர்' வாரப் பத்திரிகையில் வெளிவந்த ஓர் அறிவியல் கட்டுரை. எழுதியவர்கள் காதார்ன், ஃபுல்டன் என்று இரண்டு பேர். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கதிர்வீச்சு பட்ட எவர்சில்வரில் வெற்றிடங்கள்'.

ஆராய்ச்சிக் கட்டுரைக்கெல்லாம் மதிப்புரையா, வேறு புத்தகமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. நானூறு பக்கத்தில், கெட்டி அட்டையில், முன்னுரைக்கு மூன்று பிரபலங்களோடு கிடைக்கிறது. ஆனால் படித்து முடித்ததும் உலகத்தில் எதையாவது மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை. இந்த இரண்டு பக்கம் வந்த பிறகு அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, ஜப்பான், நம் கல்பாக்கம் உள்பட ஒருவகை அணு உலை கட்ட நினைத்த எல்லோரும் தங்கள் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்து எந்த நாவலும் இத்தனை கணக்கைத் திருத்தியதில்லை.

முதலில் எவர்சில்வர். நம் வீடுகளில் அதற்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியும். பித்தளைக்குப் புளி போட வேண்டும், ஈயம் பூச வேண்டும், அலுமினியம் நசுங்கும், மண் உடையும். எவர்சில்வர் ஒன்றும் ஆகாது. அதனால்தான் சீர் வரிசையில் அது வைத்தார்கள். அடியில் பேர் வெட்டி, தேதி போட்டு, பாட்டியின் சம்பு பேத்தி வரை வந்துவிடுகிறது. இரும்பில் பதினெட்டு சதவிகிதம் குரோமியம், எட்டு சதவிகிதம் நிக்கல் என்பது அடிப்படைச் சேர்மானம். குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போட்டுத் துருவைத் தடுக்கிறது. இதற்குக் கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்த அண்ணன் ஒருவன் இருக்கிறான், 316 என்று பேர். ரசாயன ஆலைகளில் வேலை பார்ப்பவன். அணு உலைக்குள் போனது பெரும்பாலும் இவனும் இவன் பங்காளிகளும்தான்.

உள்ளே போய் என்ன ஆனான் என்பதுதான் கட்டுரை.

இடம் டூன்ரே. ஸ்காட்லாந்தின் வட கோடியில் கடற்கரை ஓரம். அங்கே ஒரு பெரிய இரும்புக் கோளத்துக்குள் பிரிட்டிஷ்காரர்கள் 'வேக ஈனுலை' ஒன்றைக் கட்டி 1959-ல் ஓட்ட ஆரம்பித்தார்கள். 1962-ல் நாட்டின் மின்கட்டமைப்புக்கு அதிலிருந்து கரண்ட் போனது. சாதாரண அணு உலையில் நியூட்ரான்களைத் தண்ணீரோ கிராஃபைட்டோ வைத்து நிதானப்படுத்துவார்கள். இதில் அந்த வேலையே கிடையாது. பிறந்த வேகத்தில் கிட்டத்தட்ட அப்படியே பாயவிடுவார்கள். லாபம் என்னவென்றால், எரியாத யுரேனியம் புளுட்டோனியமாக மாறுகிறது. போட்ட எரிபொருளைவிட அதிகமாகவே எடுக்கலாம். அரிசி போட்டு வடித்த பிறகு பானையில் இன்னும் கொஞ்சம் கூடுதல் அரிசி இருக்கிற மாதிரி. ஹோமி பாபா நமக்கு வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் இரண்டாவது கட்டம் முழுக்க இந்தப் பானையை நம்பித்தான் இருக்கிறது. தோரியம் என்று மணவாளக்குறிச்சி மணலைக் காட்டிப் பேசுகிறார்களே, அதற்குப் போவதற்கும் வழி இதுதான்.

எரிபொருளைப் பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமனான எவர்சில்வர் குழாய்களில் அடைத்து, கட்டுக் கட்டாக நிறுத்துவார்கள். டூன்ரேயில் அப்படி நிறைய நியூட்ரான் வாங்கிய குழாய்களை வெளியே எடுத்து, மெல்லிசாகச் சீவி, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள்.

உள்ளே பொக்கு.

நிலக்கடலையில் பொக்கு பார்த்திருப்பீர்கள். வெளியே ஓடு முழுசாக இருக்கும், உடைத்தால் ஒன்றும் இருக்காது. அதுபோல உலோகத்துக்குள் குட்டிக் குட்டியாய் வெறும் அறைகள். பெரியது என்றால் 150 நானோமீட்டர். தலைமுடியின் குறுக்கே ஐந்நூறை வரிசையாக வைக்கலாம். ஏறத்தாழ 400 டிகிரியிலிருந்து 600 டிகிரி வரையிலான சூட்டில் இருந்த குழாய்களில் இப்படி. உள்ளே வாயு அடைபட்டுக் குமிழியாகியிருக்குமோ என்பதுதான் யாருக்கும் முதலில் வரக்கூடிய சந்தேகம். நியூட்ரான் தாக்கத்தில் உலோகத்துக்குள் கொஞ்சம் ஹீலியம் பிறப்பது உண்மைதான். ஆனால் இத்தனை அறைகளை நிரப்ப அது போதாது. ஆகவே அவை குமிழிகள் இல்லை, நிஜமாகவே வெற்றிடங்கள் என்றார்கள் காதார்னும் ஃபுல்டனும்.

வெற்றிடம் உண்டானால் அங்கே இருந்த உலோகம் எங்கே போனது? எங்கும் போகவில்லை. எடை அப்படியே இருக்கிறது, உருவம் மட்டும் பெருக்கிறது. எவர்சில்வர் வீங்குகிறது. இட்லி மாவு மாதிரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் மாவில் இருப்பது காற்று. இதில் அதுகூட இல்லை.

எப்படி என்று புரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக இலை, இலைக்கு ஓர் ஆள். அணுக்கள் உலோகத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருக்கின்றன. வாசலிலிருந்து ஒருவன் வெறிபிடித்த வேகத்தில் ஓடி வந்து ஒருத்தர் மேல் மோதுகிறான். இவர் பறந்து போய் அடுத்தவர் மேல் விழ, அவர் இன்னொருத்தர் மேல் விழ, ஒரு மூலையே கலைந்துவிடுகிறது. ஓர் இரும்பு அணுவை அதன் இலையிலிருந்து கிளப்பச் சில பத்து எலெக்ட்ரான் வோல்ட் போதும். ஒரு வேக நியூட்ரான் முதல் ஆளுக்குக் கொடுக்கும் தள்ளோ பல ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட். கலைந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் சில பங்குக்குள் ஏதோ ஓர் இலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தன் இலைதானா என்பதெல்லாம் பார்ப்பதில்லை. மிச்சம் சில காலி இலைகள். இரண்டு பேருக்கு நடுவே திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சில பேர்.

காலி இலையும் திணித்த ஆளும் எண்ணிக்கையில் சமம். சந்தித்தால் கணக்குத் தீர்ந்துவிடும். பலவும் அப்படித் தீர்கின்றன. ஆனால் பந்தியில் சில வரிசைகள் பாதியில் நின்றுபோயிருக்கும். உலோகத்திலும் அப்படி உண்டு. திணித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த அரைகுறை வரிசைகள் மேல் ஒரு சின்ன ஈர்ப்பு. காலி இலைகளைவிடக் கொஞ்சம் அதிகமாக அங்கே போய்ச் சேர்ந்து, வரிசையை நீட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்தக் 'கொஞ்சம்' போதும். மிஞ்சிய காலி இலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மண்டபத்தின் நடுவே ஓர் ஆளில்லாத வட்டமாகின்றன. ஹீலியம் அணு ஏதாவது பக்கத்தில் இருந்தால் அந்த வட்டம் நிலைக்க உதவுகிறது. விருந்தாளி எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் வரிசைகள் நீண்டு மண்டபம் பெரிதாகிவிட்டது. சூடு ரொம்பக் குறைவானால் காலி இலைகள் நகராது. ரொம்ப அதிகமானால் வட்டம் கரைந்துவிடும். நடுவாந்தர சூட்டில்தான் வீக்கம். வேக ஈனுலை வேலை செய்வது சரியாக அந்தச் சூட்டில்தான். என்ன ராசியோ!

இந்த முழு விளக்கமும் அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. அடுத்து வந்த வருஷங்களில் பலர் கைபட்டு உருவானது. கட்டுரைமேல் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்: கதை ஆரம்பிக்கும் இடத்தில் அது முடிந்துவிடுகிறது. ஆனால் பார்த்ததைச் சொல்லி, மறுக்க வேண்டியதை மறுத்து, அதற்கு மேல் இழுக்காமல் நிறுத்துவது லேசான காரியமில்லை. நம் பக்கத்தில் இரண்டு பக்க விஷயத்துக்கு இருநூறு பக்கம் எழுதி, 'முற்றும்' போடும்போதும் மனசில்லாமல் போடுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

தலைப்பில் இருக்கும் அமைதியும் பிடித்திருக்கிறது. உள்ளே இருப்பது, பல கோடி பவுண்டு திட்டங்களின் அஸ்திவாரத்தில் பொக்கு இருக்கிறது என்ற சேதி. இன்றைய டி.வி.யாக இருந்தால் கீழே சிவப்புப் பட்டையில் நாள் பூராவும் ஓடியிருக்கும்.

சேதி எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு வீட்டுக் கணக்கு. எரிபொருள் குழாய்க் கட்டை ஓர் அறுகோண எவர்சில்வர் உறைக்குள் வைத்திருப்பார்கள். அகலம் 13 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கன அளவில் ஆறு சதவிகிதம் வீங்கினால் ஒவ்வொரு திசையிலும் இரண்டு சதவிகிதம். அகலத்தில் அது இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். பக்கத்து உறைக்கும் இதற்கும் நடுவே விட்டிருக்கிற இடைவெளியே சில மில்லிமீட்டர்தான். போதாததற்கு, உலையின் நடுவைப் பார்த்த பக்கம் அதிக நியூட்ரான் வாங்கி அதிகம் வீங்குகிறது, வெளிப்பக்கம் குறைவாக. அதனால் உறை வில்லாக வளைகிறது. மழைக்காலத்தில் மரக்கதவு பிடித்துக்கொள்வது மாதிரி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. இழுத்து வெளியே எடுக்க முடியாது. பத்து சதவிகிதத்தைத் தாண்டி வீங்கிய உருக்கு ரொம்பவும் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடுகிறது. ஓங்கி இழுக்கவும் பயம்.

ஆகவே என்ன செய்கிறார்கள்? எரிபொருளில் இன்னும் நிறைய பாக்கி இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுகிறார்கள். பத்து சதவிகிதத்தைச் சுற்றி எரிந்ததுமே, போதும் என்று எடுத்து, ஆறவைத்து, அமிலத்தில் கரைத்து, புளுட்டோனியத்தைப் பிரித்து, மறுபடி புதுக் குழாயில் அடைத்து… ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு, ஒவ்வொரு சுற்றிலும் கழிவு. யுரேனியம் களைத்துப்போவதற்கு முன்னால் எவர்சில்வர் களைத்துப்போகிறது. இந்த வகை உலையில் மின்சாரம் என்ன விலைக்கு வரும் என்பதில் பெரும்பங்கு, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குழாய்ச் சுவர் எத்தனை நாள் தாங்கும் என்பதில் இருக்கிறது.

தாங்குவதை அளக்க ஒரு விசித்திரமான அலகு வைத்திருக்கிறார்கள். டி.பி.ஏ. என்று பேர். ஓர் அணு சராசரியாக எத்தனை தடவை தன் இடத்திலிருந்து கிளப்பப்பட்டது என்பது அதன் பொருள். கல்பாக்கத்தில் கட்டப்பட்ட 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் முதல் எரிபொருள் குழாய்களுக்கு வைத்த இலக்கு 85. அதாவது, குழாயின் ஒவ்வொரு அணுவும் சராசரியாக 85 முறை இலையைவிட்டுத் தூக்கி எறியப்பட்ட பிறகும் அது குழாயாகவே இருக்க வேண்டும். இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம். அப்படிப்பட்ட குழாய் ஒரு கட்டுக்கு 217, மொத்தம் 181 கட்டு. பெருக்கிப் பார்த்தால் சுமார் 39,000 குழாய். ஒவ்வொன்றும் 6.6 மில்லிமீட்டர் பருமன், சுவர் 0.45 மில்லிமீட்டர்.

குழாய்க்குப் போட்டிருப்பது டி-9 என்ற உருக்கு. அதில் நிக்கலைக் கூட்டி, குரோமியத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒரு சிட்டிகை டைட்டானியம் சேர்த்திருக்கிறார்கள். டைட்டானியம் கார்பனோடு சேர்ந்து நுணுக்கமான துகள்களாக நின்று ஹீலியத்தைச் சில்லறையாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஓரிடத்தில் திரளவிடுவதில்லை. கூடவே குழாயைச் சூடாக்காமல் இழுத்து இருபது சதவிகிதம் நசுக்குகிறார்கள். இதனால் பந்தியில் அரைகுறை வரிசைகள் ஏராளமாகி, காலி இலைகளும் அங்கேயே போய்த் தொலைகின்றன. வீக்கத்தை ஒழிக்க முடியாது, தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்ட கெடு முடிந்ததும் இந்த வகை எவர்சில்வர், டி.பி.ஏ.வுக்கு ஒரு சதவிகிதம் என்ற வேகத்தில் வீங்க ஆரம்பித்துவிடுகிறது. பிறகு நிறுத்த வழியில்லை.

இப்போது விமர்சனத்தின் இரண்டாம் பாகம். கட்டுரையை விட்டுவிட்டு நம்மை.

2011-லும் 2012-லும் கூடங்குளம் பற்றித் தமிழில் எவ்வளவு எழுதினோம், எவ்வளவு கத்தினோம்! ஒரு பக்கம், வெடித்தால் தமிழ்நாடே சாம்பல். மறு பக்கம், இது இல்லாவிட்டால் ஊரே இருட்டு. இரண்டுக்கும் நடுவே உலோகம் என்ன ஆகும் என்று ஒரு பத்தி எழுதியவரைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. (கூடங்குளம் தண்ணீரில் ஓடும் உலை. அங்கே வீக்கம் இந்த அளவுக்குப் பெரிய தலைவலி இல்லை. ஆனாலும் பல பத்தாண்டு நியூட்ரான் வாங்கும் உருக்கு எந்த உலையிலும் பழையபடி இருப்பதில்லை.) சினிமாவைக் கேட்கவே வேண்டாம். 1979-ல் 'தி சைனா சிண்ட்ரோம்' வந்த காலத்திலிருந்து அணு உலை என்றால் அலாரம், சிவப்பு விளக்கு, வியர்த்த முகங்கள். வருஷக்கணக்கில் மில்லிமீட்டரில் வளைகிற ஓர் உறையை வைத்து எந்த டைரக்டர் படம் எடுப்பார்? தயாரிப்பாளரிடம் கதை சொல்லும்போதே காபி வந்துவிடும், கிளம்புங்கள் என்று அர்த்தம்.

ஆதரிக்கிறவர்கள் மேல் எனக்குக் குறை கொஞ்சம் அதிகம். 'நானூறு வருஷத்துக்கு மின்சாரம்' போன்ற வாக்கியங்களில் யுரேனியம் எத்தனை டன், தோரியம் எத்தனை டன் என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும். அரிசி மூட்டையை எண்ணிவிட்டுப் பானையைப் பற்றிப் பேசாமல் இருப்பது மாதிரி. முன்மாதிரி உலையைக் கட்ட ஆரம்பித்தது 2004-ல். உள்ளே எரிபொருள் நிரப்பும் கட்டம் தொடங்கியது 2024 மார்ச்சில். இருபது வருஷம் ஏன் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் உருக்கின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த இருபது வருஷத்தில் பொதுமேடைகளில் டி.பி.ஏ. என்ற வார்த்தையை ஒரு தடவையாவது கேட்டீர்களா?

விஞ்ஞானிகள் ஒளித்தார்கள் என்று சொல்லமாட்டேன். 1985-லிருந்து ஓடும் சோதனை ஈனுலையிலிருந்து குழாய்களை எடுத்து, அறுத்து, அளந்து, வீக்கத்தை எண்களாகவே கல்பாக்கத்துக்காரர்கள் வெளியிட்டுத்தான் வருகிறார்கள். எல்லாம் ஆங்கிலத்தில், சந்தா கட்டினால் படிக்கிற சஞ்சிகைகளில். தமிழுக்கு வருவது திறப்பு விழாப் போட்டோ மட்டும். பனிப்போர் உச்சத்தில், ஓர் அரசாங்க அணு நிலையத்துக்காரர்கள், எங்கள் உலோகத்தில் ஓட்டை இருக்கிறது என்று எல்லோரும் வாங்கிப் படிக்கிற வாரப் பத்திரிகையில் போட்டார்கள். அந்தத் துணிச்சலுக்காகவும் இந்த இரண்டு பக்கத்துக்கு மார்க் போடுகிறேன்.

கலைச்சொல்காரர்களிடமும் ஒரு மனு. 'வெறுமைப் புடைப்பு', 'புழை வீக்கம்' என்றெல்லாம் ஆளுக்கொன்றாக ஆக்க வேண்டாம். 'பொக்கு' என்று ஒரு நல்ல சொல் கடலைக் காட்டில் சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது.

இப்போது ஆராய்ச்சி எங்கே நிற்கிறது? நிக்கல் அதிகமில்லாத ஃபெரிட்டிக் என்ற உருக்கு ஜாதி ரொம்பக் குறைவாகத்தான் வீங்குகிறது. ஆனால் அதிகச் சூட்டில் தளர்ந்துவிடும். தளராமல் இருக்க, யிட்ரியம் ஆக்சைடை மகா நுணுக்கமாக அரைத்து உலோகத்தூளோடு கலந்து குழாய் இழுத்துப் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் பரீட்சை வைப்பதுதான் கஷ்டம். நிஜ உலையில் 85 டி.பி.ஏ. சேர வருஷக்கணக்காகும். அதனால் துகள் முடுக்கியில் அயனிகளைப் பாய்ச்சி, சில மணி நேரத்தில் அதே அடியைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கல்பாக்கத்திலும் செய்கிறார்கள். கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் மாதிரி, நிறம் வந்துவிடுகிறது. ருசி அதேதானா என்று துறைக்குள்ளேயே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அவசரத்தில் வாங்கிய அடியில் காலி இலைகளுக்கு நடந்து போய்ச் சேர நேரம் கிடைப்பதில்லை. அதற்காகச் சூட்டைக் கூட்டிச் சமாளிக்கிறார்கள். கூட்டியது சரியான அளவா என்பது அடுத்த கேள்வி.

டூன்ரே உலையை 1977-ல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு உள்ளே இருந்த எரிபொருளையும், சுற்றிலும் அடுக்கியிருந்த யுரேனியத் தண்டுகளையும் வெளியே எடுக்க ஆரம்பித்தார்கள். பாதிக்கு மேல் வந்துவிட்டன. ஏறக்குறைய ஆயிரம் தண்டுகள் வீங்கி, இடத்திலேயே இறுகிக்கொண்டு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து, தூரத்தில் இருந்து இயக்கும் கருவிகளைத் தனியாக வடிவமைத்து, ஒவ்வொன்றாக வெட்டி விடுவித்து, ரயிலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள்.